சாட்சிக்கு இலக்கணம் வகுத்தவர்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அவ்வளவு ஆழத்தில் பாறை வெடித்து ஒரு தொழிலாளி நசுங்கினால், நடந்ததைக் கண்டவர் யார்? உடன் நின்ற ஓரிருவர். சில வேளைகளில் அவர்களும் இரார். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடிச் சென்ற நம்மவர் பலர் அங்கே அவ்வாறு மாண்டனர். இறந்தவன் மனைவி நட்டஈடு கேட்டு வழக்குமன்றம் ஏறினால் யாரைச் சாட்சியாக நிறுத்துவாள்?

தங்கவயலில் 1880இல் பெருந்தொழில் தொடங்குவதற்கு எட்டாண்டுகள் முன்பே இதற்கு விடை எழுதி வைத்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்.

1829 மார்ச் 3ஆம் நாள் லண்டனில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்று 1854இல் வழக்கறிஞரானார். வழக்குகளோடு பத்திரிகைகளுக்கும் ஓயாது எழுதினார். 1869இல் வைசிராய் அவையின் சட்ட உறுப்பினராகக் கல்கத்தா வந்தார். இங்கிருந்தது இரண்டரை ஆண்டுகளே. அதற்குள் இந்திய சாட்சியச் சட்டத்தை 167 பிரிவுகளில் அடக்கினார். ஆங்கில நாட்டுத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்த விதிகளைத் திரட்டிச் சுருக்கிய அவ்வுழைப்பு வியப்புக்குரியது. 1872 செப்டம்பர் 1 முதல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கண்டவர் கண்டதையே சொல்ல வேண்டும். பிறர் சொல்லக் கேட்டது பொதுவாகச் சாட்சியம் ஆகாது. இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கில்லை. நம்பத்தக்க ஒருவரே போதும். வாய் பேச இயலாதவர் சைகையாலும் சாட்சி சொல்லலாம். தம் சாட்சியை முதலில் விசாரிக்கும் வழக்கறிஞர், எதிர்த்தரப்பு மறுத்தால், விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கலாகாது. குறுக்கு விசாரணையில் அது செல்லும்.

இவற்றுள் 32ஆம் பிரிவே நம் நெஞ்சைத் தொடுவது. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் இறந்தவனின் மரண வாக்குமூலம் கொலைக் குற்ற வழக்குகளில் மட்டுமே செல்லும். அதுவும் பிழைக்கும் நம்பிக்கை அற்ற நிலையில் அவன் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டீபன் இவ்விரு வேலிகளையும் நீக்கினார். மரணத்தின் காரணம் பற்றி அவன் கூறியது உரிமை வழக்கிலும் செல்லும் என்றார். அப்பிரிவின் எடுத்துக்காட்டிலேயே, கணவனைப் பறிகொடுத்து வழக்காடும் ஒரு கைம்பெண் இடம்பெறுகிறாள். அவள் வழக்காடும் உரிமையை 1855ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருந்தது. அவள் கணவனின் கடைசிச் சொல்லுக்கு மன்றத்தில் இடம் தந்தது இச்சட்டம். சொன்னவனைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லையாதலால், நீதிபதி அச்சொல்லை நிறுத்துப் பார்த்தே ஏற்பார். 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய சாட்சிய அதிநியம் வந்துவிட்டது. ஆயினும் அவ்விதி 26ஆம் பிரிவாக அப்படியே வாழ்கிறது. சுரங்கங்கள்தாம் 2001இல் மூடப்பட்டன.

ஏழைக்கு இரங்கிய நெஞ்சர் இவர் என்று எண்ணிவிட வேண்டா. தாயகம் திரும்பியதும், 1873இல், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் முழக்கத்தையே சாடி நூல் எழுதியவர். பேரரசின் வலிமையில் அழுத்தமான நம்பிக்கை கொண்டவர். ஆனாலும் சட்டம் தெளிவாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. அப்பிடிவாதத்தின் பயன் எளியவர்க்கும் கிட்டியது.

1879இல் நீதிபதியானார். 1889இல் கணவனுக்கு நஞ்சிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஃபுளோரன்ஸ் மேபிரிக் என்பவளின் வழக்கை அவர் நடத்திய முறை பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. உடலும் உள்ளமும் தளரவே 1891இல் பதவி துறந்தார். 1894 மார்ச் 11ஆம் நாள் இப்ஸ்விச் நகரில் காலமானார்.