சுரங்கக் காற்றைக் கவனித்த மருத்துவர்

டாலர் என்ற சொல் எங்கே பிறந்தது என்று மாணவர்களிடம் கேட்பது, பணத்தின் வரலாற்றை நடத்திய ஆண்டுகளில் என் வழக்கம். அமெரிக்கா என்றே பதில் வரும். பொஹீமியாவின் வெள்ளிச் சுரங்க நகரான யோவாக்கிம்ஸ்தாலில் 1520 வாக்கில் அச்சான நாணயம், ஊர்ப் பெயரால் தாலர் எனப்பட்டது. அதுவே திரிந்து டாலர் ஆயிற்று. 1527-இல் அந்நகருக்கு மருத்துவராக வந்த அக்ரிகோலாவைப் பற்றி நான் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஓய்வு பெற்ற பிறகே அவருடைய நூலைப் படித்தேன்.

1494-இல் சாக்சனியின் கிளாவ்காவில் பிறந்தவர். உழவர் என்று பொருள்படும் குடும்பப் பெயரை லத்தீனாக்கி அக்ரிகோலா ஆனார். கிரேக்கம் கற்பித்தார், இத்தாலிக்குச் சென்று மருத்துவம் பயின்றார். யோவாக்கிம்ஸ்தாலில் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் சுரங்கங்களிலும் உருக்கு உலைகளிலும் கழித்தார். பின்னர் கெம்னிட்ஸில் குடியேறி, 1546-இல் அந்நகரின் மேயரானார். வெள்ளிச் சுரங்கத்தில் பங்கு வாங்கிப் பொருளும் ஈட்டினார். இலாபத்தின் சுவையறிந்த ஒருவரே அதற்குத் தொழிலாளர் கொடுத்த விலையையும் எழுதி வைத்தார் என்பதால்தான் அவர்மேல் எனக்கு மதிப்பு.

உலோகத் தொழில் பற்றிய அவரது பெருநூலில் 12 பாகங்கள். ஆறாம் பாகத்தில் காற்றுக்கென்றே எந்திரங்களை வரிசையாக விவரிக்கிறார். சுரங்க வாயில் நின்று காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும் பலகைகள், உருளைப் பெட்டிக்குள் சுழலும் விசிறிகள், பெருந்துருத்திகள் என ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு. கார்பேதிய மலைச் சுரங்கப் பகுதிகளில், நுரையீரல் நோய்க்கு ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாகவும் அதே பாகத்தில் பதிவு செய்கிறார். அரிக்கும் தூசியே காரணம் என்று கருதினார். சுரங்கத்தில் பேய்கள் உலவுவதாகவும் நம்பினார். அந்தக் காலம் அப்படி.

தூசியோடு இன்னொன்றும் இருந்தது. சாக்சனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரைக் கொன்றது நுரையீரல் புற்று என்று 1879-இல் இரு மருத்துவர்கள் காட்டினர். யோவாக்கிம்ஸ்தால் கனிமத்திலிருந்தே 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது சிதைந்து உண்டாகும் கதிரியக்கத் துகள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்த வாயு சுரங்கத்தோடு நிற்பதில்லை. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்திலிருந்து கசிந்து, தளத்தின் விரிசல்கள் வழியே வீட்டுக்குள் ஏறுகிறது. வெதுவெதுப்பான காற்று மேலெழும்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் குறைந்து, வீடே மண்ணின் காற்றை உறிஞ்சுகிறது. 1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அணுமின் நிலையத்துக்குப் பணிக்கு வந்த பொறியாளர்மீது கதிர்வீச்சுக் கருவி ஒலித்தது. காரணம் நிலையமல்ல, அவருடைய வீடு. குளிர்நாடுகளில் எரிபொருளை மிச்சப்படுத்தச் சன்னல் இடுக்குகளையெல்லாம் அடைக்கிறார்கள். மிச்சமான பணம் கணக்கில் ஏறுகிறது. உள்ளே தேங்கிய காற்று எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுக்கு ரேடானே முக்கியக் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்ற வரம்பை அது 2009-இல் பரிந்துரைத்தது. தீர்வோ எளிது. தளத்துக்கு அடியில் ஒரு குழாயை இறக்கி, சிறு விசிறியால் மண்வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றிவிடலாம். விரிசல்களையும் பூச வேண்டும். ஆறாம் பாகத்தின் படங்களைப் பார்த்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

அந்நூலை 1912-இல் ஆங்கிலத்தில் தந்தவர்கள் சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவியும். பெருமந்தக் காலத்து அமெரிக்க அதிபர் என்றே நான் ஹூவரை வகுப்பில் குறைகூறி வந்திருக்கிறேன். இதற்காக அவருக்குக் கடன்பட்டுவிட்டேன்.

அக்ரிகோலா 1555 நவம்பரில் கெம்னிட்ஸில் காலமானார். கடைசிவரை கத்தோலிக்கராக இருந்ததால், சீர்திருத்தச் சபையைத் தழுவிவிட்ட அந்நகரம் தன் முன்னாள் மேயரைப் புதைக்க இடம் தரவில்லை. உடலை ஸைட்ஸ் நகருக்குக் கொண்டுபோய்ப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு பாசெல் நகரில் நூல் அச்சாகி வெளிவந்தது.