நீரை வேலை வாங்கிய பிராமா

சென்னிமலைத் தறிச் சத்தத்தினிடையே மாதிரி மண்வாரி இயந்திரங்களுக்குப் பித்தளைக் குழாயில் சிறு நீரழுத்த சிலிண்டர்கள் செய்வது என் பொழுதுபோக்கு. அத்தொழிலில் நான் ஆசானாகக் கொண்டவர் ஜோசப் பிராமா.

1748இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் காலில் அடிபட்டு உழவு செய்ய இயலாமல் போகவே தச்சு கற்றார். லண்டனில் பூட்டுகள் செய்து புகழ் பெற்றார். அடைபட்ட நீரில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் உண்மையைக் கொண்டு, 1795இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். சிறு பிஸ்டனில் தரும் விசை, நூறு மடங்கு பரப்புள்ள பிஸ்டனில் நூறு மடங்காகும்.

ஆனால் பிஸ்டனின் ஓரமாக நீர் கசிந்தது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. அவரது பட்டறைத் தொழிலாளி ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம்போல் வளைத்த தோல்வளையத்தால் தீர்வு கண்டார் என்பர். நீரின் அழுத்தமே தோலை விரித்துக் கசிவை அடைத்துவிடும். பின்னர்க் கூலி உயர்வு மறுக்கப்பட்டு மாட்ஸ்லே விலகினார். பிராமா 1814இல் மறைந்தார். பொறிக்கு அவர் பெயரே நிலைத்தது.

சிலிண்டரின் விட்டம் பாதியானால் விசை காலாகும். உராயும் சுற்றளவோ பாதிதான் குறையும். எனவே சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க அடைப்பு வளையமே அதற்கு உயிர். பிராமாவைப் போற்றும் நாம், அவ்வளையம் தந்த தொழிலாளியையும் மறவாதிருப்போமாக!