ஹெர்மன் ஃபிராஷ்

ஹெர்மன் ஃபிராஷ் (டிசம்பர் 25, 1851 – மே 1, 1914) ஜெர்மனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய வேதியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். நிலத்தடிக் கந்தகத்தை வெந்நீரால் உருக்கி மேலே கொணரும் ஃபிராஷ் முறையின் மூலம் இவர் பெயர் பாடநூல்களில் நிலைபெற்றுள்ளது. எண்ணெய்க் கிணற்றுள் அமிலம் செலுத்திச் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து விளைச்சலைப் பெருக்கும் முறைக்கும் இவரே முன்னோடியாவார். எளிதில் எண்ணெய் கசியாத இறுகிய பாறைகளில் இன்று கையாளப்படும் அமிலப் பிளப்பு முறையின் வேர், இவர் 1896 இல் பெற்ற காப்புரிமையில் உள்ளது. இப்பங்களிப்பு அதிகம் பேசப்படுவதில்லை.

இளமைக் காலம்

ஃபிராஷ் வூர்ட்டம்பெர்க் நாட்டில் கைல்டோர்ஃப் நகரை அடுத்த ஓபர்ரோட் என்னும் ஊரில் பிறந்தார். 1868 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பிலடெல்பியா மருந்தியல் கல்லூரியில் பேராசிரியர் மைஷ் என்பவரின் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். மருந்து வேதியியலில் தொடங்கிய இவரது நாட்டம் விரைவிலேயே பெட்ரோலியத்தின் பக்கம் திரும்பியது. பாரஃபின் மெழுகைத் தூய்மையாக்கும் முறை ஒன்றைக் கண்டறிந்த பின்னர், 1877 இல் எண்ணெய்த் தொழிலின் மையமாயிருந்த கிளீவ்லாந்து நகருக்குச் சென்றார்.

நாற்ற எண்ணெய்

1880களின் நடுப்பகுதியில் இவர் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் தொழில் நடத்தினார். அங்குக் கிடைத்த எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் மிகுந்திருந்தன. விளக்கில் எரித்தால் புகையும் அழுகிய முட்டை நாற்றமும் எழுந்தன. ஃபிராஷ் செம்பு ஆக்சைடைக் கொண்டு கந்தகத்தைப் பிரித்தெடுத்தார். இதில் உண்டாகும் செம்பு சல்பைடைக் காற்றில் வறுத்தால் மீண்டும் செம்பு ஆக்சைடு கிடைக்கும் என்பதால் செலவும் கட்டுக்குள் இருந்தது.

ஒகையோ மாநிலத்தின் லைமா வட்டாரத்தில் 1885 இல் கண்டறியப்பட்ட எண்ணெயும் இதே குறை உடையது. அதைப் பெருமளவில் வாங்கிக் குவித்திருந்த ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் ஃபிராஷின் காப்புரிமைகளை வாங்கி அவரையும் பணியில் அமர்த்தியது. ஊதியத்தின் ஒரு பகுதியை அவர் நிறுவனப் பங்குகளாகப் பெற்றார். பீப்பாய் ஒன்று 14 சென்ட்டுக்கு விற்ற லைமா எண்ணெய் பின்னர் ஒரு டாலர் வரை உயர்ந்தது. ஃபிராஷ் செல்வந்தரானார்.

கிணற்றுக்குள் அமிலம்

லைமா எண்ணெய் டிரென்டன் சுண்ணாம்புக்கல் எனப்படும் பாறை அடுக்கில் தங்கியிருந்தது. பாறையின் நுண்துளைகள் போதிய அளவு ஒன்றோடொன்று இணையாத இடங்களில், எண்ணெய் இருந்தும் கிணற்றை வந்தடையவில்லை. அக்காலத்தில் கிணற்றின் அடியில் நைட்ரோகிளிசரின் வெடிக்கச் செய்வதே வழக்கமான தீர்வு. அது கிணற்றைச் சுற்றிச் சிறிது தொலைவுக்கே பாறையை நொறுக்கியது. உயிர்ச்சேதமும் அடிக்கடி நேர்ந்தது.

ஃபிராஷும், லைமாவிலிருந்த சோலார் சுத்திகரிப்பு ஆலையின் மேலாளர் ஜான் வான் டைக்கும் அமிலத்தால் பாறையை அரிக்கலாம் என்று கருதினர். 1896 மார்ச் 17 அன்று இருவருக்கும் தனித்தனியே காப்புரிமை வழங்கப்பட்டது. வான் டைக்கின் காப்புரிமை கந்தக அமிலத்தையும், ஃபிராஷினுடையது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பற்றியது. வேறுபாடு சிறியதாகத் தோன்றினும் உண்மையில் மிகப் பெரியது. கந்தக அமிலம் சுண்ணாம்புக்கல்லோடு வினைபுரிந்தால் கால்சியம் சல்பேட்டு உண்டாகிறது. இது நீரில் எளிதில் கரையாததால், திறக்க வேண்டிய துளைகளை அடைத்துவிடக் கூடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தரும் கால்சியம் குளோரைடோ நீரில் நன்கு கரைந்து எண்ணெயுடன் வெளியேறிவிடும். உடன் தோன்றும் கார்பன் டைஆக்சைடு வளி, திரவத்தை வெளியே தள்ளத் துணைபுரியும். அமிலம் பாறையைக் கரைக்கிறதா என்பதோடு, கரைத்தபின் எஞ்சுவது என்ன என்பதையும் பார்த்தே திரவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி இங்கு முதன்முறையாகத் தொழிலில் இடம்பெற்றது எனலாம். இன்று வழக்கிலுள்ள 15 விழுக்காட்டுக் கரைசலில் 1,000 லிட்டர், ஏறத்தாழ 220 கிலோகிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்க வல்லது. ஃபிராஷ் அதைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட செறிவுள்ள அமிலத்தைப் பரிந்துரைத்தார்.

ரப்பர் அடைப்பான் கொண்டு எண்ணெய் அடுக்கைத் தனிமைப்படுத்துதல், அமிலத்தை அழுத்தத்துடன் பாறைக்குள் தள்ளுதல், பின்னர் வேறொரு திரவத்தை அனுப்பி அமிலத்தை மேலும் உள்ளே செலுத்துதல் ஆகியனவும் அவர் முறையில் அடங்கும். இவை இன்றளவும் வேறு வடிவங்களில் கையாளப்படுகின்றன.

1895 இல் லைமா வட்டாரக் கிணறுகளில் நடந்த சோதனைகளில் எண்ணெய் மும்மடங்கும் எரிவளி நான்கு மடங்கும் பெருகின. எனினும் முறை நிலைக்கவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை அரிப்பது போலவே இரும்பையும் அரிக்கும். அமிலம் தாக்காத பூச்சிட்ட குழாய்கள் வேண்டும் என்று ஃபிராஷ் அறிந்திருந்தும், கிணற்றின் உறைகுழாய்கள் கடுமையாகச் சிதைந்தன. சில ஆண்டுகளில் இம்முறை கைவிடப்பட்டது.

கந்தகமும் வெந்நீரும்

இதே ஆண்டுகளில் லூசியானாவின் கால்கசியூ வட்டாரத்தில் ஃபிராஷ் மற்றொரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தார். அங்கு ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்தில் கந்தகம் இருப்பது 1860களிலேயே தெரிந்திருந்தது. ஆனால் இடையே புதைமணல் இருந்தது. சுரங்கம் தோண்ட முயன்ற தொழிலாளர் சிலர் நச்சு வளியால் மாண்டனர். கந்தகம் ஏறத்தாழ 115 பாகை செல்சியசில் உருகும். எனவே ஆளை இறக்காமல், அழுத்தத்தில் சூடேற்றிய ஏறத்தாழ 165 பாகை நீரைக் குழாய் வழியே அனுப்பலாம் என்பது இவரது கருத்து. 1894 டிசம்பர் 24 அன்று உருகிய கந்தகம் மேலே வந்தது. 1896 இல் யூனியன் சல்பர் நிறுவனம் தோன்றியது. ஆயினும் நீரைக் கொதிக்கவைக்கும் எரிபொருள் செலவு முதல் சில ஆண்டுகள் தொழிலை வாட்டியது. 1901 இல் அண்டை மாநிலமான டெக்சாசின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பெருகி, எரிபொருள் மலிந்த பின்னரே தொழில் தலைநிமிர்ந்தது.

இதன் விளைவு சிசிலித் தீவில் உணரப்பட்டது. அதுவரை உலகக் கந்தகத்தின் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. கருசி எனப்பட்ட சிறுவர்கள் பாறைத்துண்டுகளைச் சுரங்கத்திலிருந்து முதுகில் சுமந்தனர். அமெரிக்கக் கந்தகம் சந்தைக்கு வந்ததும் அத்தீவின் தொழில் நலிந்தது. கொடிய உழைப்பு முறை ஒன்று ஆட்டம் கண்டது. அதை நம்பியிருந்த குடும்பங்களின் வருவாயும் அதனோடு போயிற்று.

பிற்காலத் தாக்கம்

அமில முறை பல ஆண்டுகள் உறங்கிய பின்னர், 1932 பிப்ரவரியில் மிச்சிகனில் மீண்டெழுந்தது. டவ் கெமிக்கல், பியூர் ஆயில் ஆகிய நிறுவனங்கள், ஓய்ந்துபோன ஒரு கிணற்றில் 500 கேலன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தின. கிணறு நாளொன்றுக்கு 16 பீப்பாய் தந்தது. இம்முறை அமிலத்தில் ஆர்சனிக் சேர்மம் ஒன்று அரிப்புத் தடுப்பானாகக் கலக்கப்பட்டிருந்தது. ஃபிராஷைத் தடுத்த இடையூறு இதுவே. ஆர்சனிக் நச்சுப்பொருள் என்பதால் பிற்காலத்தில் கரிமத் தடுப்பான்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டியதும் கிணறு திடீரென அமிலத்தை எளிதாக உள்வாங்குவதைப் பொறியாளர்கள் கவனித்தனர். பாறை பிளந்ததே காரணம். இக்கவனிப்பு, 1947 இல் கான்சாசின் ஹூகோட்டன் வளிக்களத்தில் நடந்த முதல் நீர்ம அழுத்தப் பிளப்புச் சோதனைக்கு வழிவகுத்தது. அதில் நேபாம் சேர்த்துத் தடிப்பாக்கிய பெட்ரோல் பயன்பட்டது. சோதிக்கப்பட்ட கிணறு முன்பே அமிலம் செலுத்தப்பட்டது. விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

அமிலப் பிளப்பில், அழுத்தத்தால் விரிசல் திறந்து, அதன் சுவர்களை அமிலம் மேடுபள்ளமாக அரிக்கிறது. விரிசல் மூடிய பின்னும் இடைவெளி எஞ்சும். சுவர்கள் மென்மையாயின் நசுங்கிவிடும் என்பதால் எல்லாச் சுண்ணாம்புப் பாறைக்கும் இது ஏற்றதன்று. அமிலம் பாதி வழியில் தீர்ந்துவிடாதிருக்க அதைத் தடிப்பாக்கியோ எண்ணெயில் பால்மமாக்கியோ அனுப்புவர். மணற்கல்லின் குவார்ட்சை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தீண்டாது. ஆகவே மணற்கல்லில் விரிசலைத் தாங்கத் திரவத்தோடு மணலை அனுப்புவர். கிணற்றை ஒட்டிய அடைப்பை நீக்க ஹைட்ரோபுளோரிக் அமிலக் கலவையைப் பயன்படுத்துவர். அதே கலவை சுண்ணாம்புக்கல்லைச் சேர்ந்தால் கரையாத கால்சியம் புளோரைடு படியும். வான் டைக்கின் கந்தக அமிலத்தில் இருந்த சிக்கலும் இத்தகையதே.

ஃபிராஷ் முறையில் இயங்கிய கடைசி அமெரிக்கக் கந்தகச் சுரங்கம் 2000 இல் மூடப்பட்டது. கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை வளியிலிருந்தும் பிரிக்கப்படும் மலிவான கந்தகம் அதனை வீழ்த்தியது. எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிப்பதிலும் ஃபிராஷே முன்னோடி என்பது குறிப்பிடத்தக்கது.

மறைவு

1912 இல் ஃபிராஷுக்குப் பெர்க்கின் பதக்கம் வழங்கப்பட்டது. 1914 மே 1 அன்று பாரிசில் காலமானார். லூசியானாவில் கந்தகம் எடுக்கப்பட்ட இடத்தை அடுத்து வளர்ந்த நகரம் சல்பர் என்றே அழைக்கப்படுகிறது.