திரையில் உழைத்த உடல்

ஆண்மை என்றால் என்ன என்று திண்டுக்கல் தொழிலாளியைக் கேட்டிருந்தால், ஒரு தலைமுறை முழுவதும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருக்கும். எம்.ஜி.இராமச்சந்திரன்! 1987 டிசம்பர் 24இல் மறைந்த அவருடைய அரசியலைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நாம் பேசப்போவது அவருடைய உடலைப் பற்றி. உடலா என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உழைப்பை விற்றுப் பிழைக்கிறவனுக்கு உடலைத் தவிர வேறு சொத்து ஏது? அந்தச் சொத்தைத் திரையிலே உயர்த்திக் காட்டியவரால் அவனுக்குக் கிடைத்தது என்ன என்று பார்ப்பது வீண் வேலையல்ல.

1917 ஜனவரி 17இல், இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தை போனார். தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து பட்ட பாடு கொஞ்சமல்ல. பசிதான் அண்ணன் சக்கரபாணியையும் அவரையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே சோறு கிடைத்தது. கத்திச் சண்டையும் பழக்கத்துக்கு வந்தது. 1936இல் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் சிறிய போலீஸ் வேடம். கதாநாயகனாக மேலும் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. அது பாகவதர் காலம். கதாநாயகனின் பெருமையெல்லாம் குரல்வளையில் இருந்த காலம். பாடத் தெரியாதவன் தோளை நம்பினான். தேகப்பயிற்சியே அவருக்கு மூலதனமாயிற்று.

1947இல் ‘ராஜகுமாரி’, 1954இல் ‘மலைக்கள்ளன்’, 1958இல் ‘நாடோடி மன்னன்’ என்று வாள் சுழன்றது. பிறகு அந்த உடல் உடுப்பை மாற்றியது. ‘தொழிலாளி’, ‘படகோட்டி’, ‘விவசாயி’, ‘மாட்டுக்கார வேலன்’, ‘ரிக்‌ஷாக்காரன்’. பெயர்களைப் படித்தாலே பாட்டாளிகளின் பட்டியல்! 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை நினைத்துப் பாருங்கள். ஒரே முகமுடைய இருவரில் ஒருவன் பணக்கார வீட்டில் சவுக்குக்கு நடுங்குகிறான். மற்றவன் அதே சவுக்கைப் பிடுங்கி ஓங்குகிறான். பகலெல்லாம் மேஸ்திரிக்கு நடுங்கியவன் இரவில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, அவன் முதுகும் நிமிர்ந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஏழையும் ஆண்தான், அவன் தாயை வணங்குவான், பெண்ணைக் காப்பான், குடிக்கமாட்டான் என்று அந்தப் படங்கள் சொல்லின. 1968இல் ‘ஒளிவிளக்கு’ படத்தில் அவர் குடித்தபோதுகூட, அவருடைய மனச்சாட்சியே எதிரே வந்து நின்று கண்டித்தது.

ஆனால் திண்டுக்கல் பேகம்பூர்த் தோல் ஷாப்புகளில் வேலை செய்தவனின் உடல் எப்படி இருந்தது? சுண்ணாம்புக் குழியில் இறங்கி ஊறிய தோலை இழுத்துப் போட்டவனின் கால் வெந்திருந்தது, நகம் அரிக்கப்பட்டிருந்தது, குளித்தாலும் நாற்றம் போகவில்லை. திரையில் ரிக்‌ஷா இழுத்தவருக்கு 1971இல் வயது 54. இந்தியாவின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் வண்டி இழுத்தவனுக்கு 54 வயதில் அந்தத் தோள் இருந்திருக்குமா? உழைப்பு தின்னாத உழைப்பாளியின் உடல், அதுதான் அந்த மாயம். இன்னொன்று, அவர் எப்போதும் தனியாகவே அடித்தார். திருந்திய முதலாளியை மன்னித்தார். வெந்த காலையும் சங்கக் கொடியையும் சேர்த்துக் கதையில் காண, 2010இல் வந்த டி.செல்வராஜின் ‘தோல்’ நாவல் வரை திண்டுக்கல் காத்திருந்தது.

அவர் உடலும் அடிபட்டது. 1959இல் சீர்காழி நாடக மேடையில் கால் முறிந்தது. 1967 ஜனவரி 12இல் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. கட்டுப் போட்ட கழுத்தும் கூப்பிய கையுமாக அச்சிட்ட சுவரொட்டி ஊரெங்கும் பேசியது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் வென்றார். குரல் கெட்டது. அந்தக் கெட்ட குரலோடேயே ‘காவல்காரன்’ படத்தில் பேசினார், ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாகவதருக்கு அப்படி நேர்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும்!

1972 அக்டோபரில் தனிக்கட்சி. அதன் முதல் பரீட்சை நமது திண்டுக்கல்லில்தான் நடந்தது. 1973 மே 11இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்தது. மே 20இல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். இரட்டை இலையில் நின்ற வழக்கறிஞர் மாயத்தேவர் வென்றார். ஆண்ட தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. (அதே மாயத்தேவர் 1980இல் தி.மு.க. சார்பில் நின்று இதே தொகுதியில் வென்றார் என்பது வேறு கதை.)

1977இல் முதலமைச்சரானார். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தார். கும்பகோணத்துப் பசியை மறக்காதவர் செய்த காரியம் அது; நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1981இல், மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயக் கடைகளைத் திறந்ததும் அவர் அரசுதான். திரையில் மதுவைத் தொடாதே என்ற நாயகனை நம்பியவன், கூலியைக் கொண்டுபோய்க் கொட்டினான். கஜானா நிறைந்தது, அவன் ஈரல் வெந்தது.

1984இல் சிறுநீரகம் பழுதாகி, வாதமும் தாக்கி, அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அவர் உயிரோடு இருப்பதைப் படமெடுத்து, ஊர் ஊராகத் திரையிட்டார்கள். சண்டையில்லை, சவுக்கில்லை, ஒரு நோயாளி. அதைப் பார்த்து ஆண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஊருக்கே வராமல் ஆண்டிபட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பியபோது பேச்சு குழறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் மதுரையைப் பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாக்கியது அவர் அரசு. பேகம்பூரில் அன்றும் ஆட்கள் சுண்ணாம்புக் குழியில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.