மனச்சோர்வு சிகிச்சையில் காந்தம்: விதை போட்டவர் ஃபாரடே

மாத்திரை சாப்பிட்டும் மனச்சோர்வு குறையாத சிலருக்கு டி.எம்.எஸ். என்ற காந்தத் தூண்டல் சிகிச்சையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. மயக்க மருந்து இல்லை, கத்தி இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, இடது நெற்றிக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். டக் டக் என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான். மண்டை ஓட்டைத் தாண்டி மூளையை அது எப்படித் தொடுகிறது? இதற்கான பதில், லண்டன் கொல்லர் ஒருவரின் மகனிடம் இருக்கிறது.

மைக்கேல் ஃபாரடே பிறந்தது 1791-ல். வீட்டில் வறுமை, பள்ளிப்படிப்பு சொற்பம். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த அறிவியல் புத்தகங்களைப் படித்துத் தள்ளினார். விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாக பைண்ட் செய்து அவருக்கே அனுப்பினார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. கணிதம் அவருக்குக் கடைசி வரை கைவரவில்லை. ஆனா, சோதனை செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்களைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒன்றை பேட்டரியோடு இணைத்ததும் மற்றொன்றில் மின்சாரம் தோன்றி, உடனே மறைந்தது. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடியும் தோன்றியது. காந்தப்புலம் சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது, அது மாறும்போதுதான் மின்சாரம் பிறக்கும். இதுதான் மின்காந்தத் தூண்டல்.

டி.எம்.எஸ். கருவி விட்டுவிட்டுத் துடிப்பதும் இதனால்தான். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதற்குள் மூளையின் மேல்பகுதி நரம்பணுக்களில் சிறு மின்னோட்டம் உண்டாகிவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் இதே விதிதான். நம் உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் காந்தத்தன்மை சுழலும்போது, பக்கத்துச் சுருளில் மெல்லிய மின்சாரம் எழும். அதை வைத்துத்தான் கணினி மூளையின் படத்தை வரைகிறது. எந்த இடத்தில் துடிப்பைக் கொடுப்பது என்று பார்க்க அந்தப் படமும் உதவுகிறது.

இனி, பாடப்புத்தகம் அதிகம் பேசாத பக்கம். 1840 வாக்கில் ஃபாரடேயின் தலையே அவருக்கு எதிரியானது. தலைசுற்றல், தலைவலி, ஞாபக மறதி. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1841-ல் மனைவி சாராவோடு சுவிட்சர்லாந்து போனார். அங்கே ஒரே நாளில் சுமார் 70 கி.மீ. மலைப்பாதையில் நடந்தார் என்றால் நம்புவீர்களா? உடம்பு ஒத்துழைத்தது, மூளைதான் மக்கர் செய்தது. காரணம் பாதரச நஞ்சாக இருக்கலாம் என்று பின்னாளில் சிலர் சந்தேகப்பட்டார்கள், உறுதியாகவில்லை. அதை மனச்சோர்வு என்று நாம் முத்திரை குத்துவதும் சரியில்லை. ஆனா, வேலை செய்ய முடியாமல் அவர் தவித்த தவிப்பு, அவருடைய கடிதங்களில் இருக்கிறது.

மறதியைச் சமாளிக்க அவருக்குக் கைகொடுத்தது சோதனைக் குறிப்பேடு. ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு, ஆயிரக்கணக்கில் எழுதினார். 1845-ல் மீண்டு வந்து, காந்தம் ஒளியையும் பாதிக்கும் என்று காட்டினார். பிறகு ரொட்டி, ஆப்பிள், மாட்டிறைச்சி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டுப் பார்த்தார். எல்லாமே லேசாக விலகின. மனிதனைத் தொங்கவிட்டாலும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்.

மறதி அவரை முழுசாக விடவில்லை. 1867-ல் இறந்தார். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் ஒருவரின் தலைக்கு மேல் சுருளை வைத்துத் துடிப்பைக் கொடுத்தபோது, அவருடைய கை தானாக அசைந்தது. மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை 2008-ல் அமெரிக்கா அனுமதித்தது. பொதுவாக வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம் வரை போக வேண்டும். எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. அரிதாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகம் பொருத்தியிருப்பவர்கள், அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.