சதுரங்க வீரர் ஆண்டர்சன்

சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்து, பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா சென்று, அங்கே புதிய விதிகளைப் பெற்று நம்மிடம் திரும்பி வந்த ஆட்டமாகும். நம் முதியோர் திண்ணையில் ஆடிய முறையில், செக் வாங்காத அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவி ஒதுங்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய முறையில் அதற்கு ஈடானது கோட்டை கட்டுதல். அரசன் பக்கவாட்டில் இரண்டு கட்டம் நகர, யானை அவனைத் தாண்டி வந்து அருகில் காவல் நிற்கும். ஆட்டத்தில் ஒரு தடவை மட்டுமே கிட்டும் இச்சலுகையை அலட்சியம் செய்து, அரசனை நடுக்களத்திலேயே நிறுத்திவிட்டுப் பிற காரியங்களில் ஈடுபடுவோர் என்ன கதிக்கு ஆளாவர் என்பதை உலகம் மறவாதபடி காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரே அடால்ஃப் ஆண்டர்சன்.

ஆண்டர்சன் 1818-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பிரஷ்ய நாட்டு ப்ரெஸ்லாவு நகரில் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாவ் என்று வழங்குகின்றது. ஒன்பதாம் வயதில் தந்தையாரிடம் சதுரங்கம் கற்றார். சிறு வயதில் அவருக்குக் கிடைத்த செல்வம் ஒரு புத்தகம். பிரெஞ்சு வீரர் லபூர்தோனேயும் அயர்லாந்து வீரர் மக்டானலும் 1834-இல் லண்டனில் ஆடிய ஆட்டங்களில் ஐம்பதைத் தொகுத்து வில்லியம் லூயிஸ் வெளியிட்ட நூல் அது. அவ்விரு வீரர்களும் விரும்பிக் கையாண்ட தொடக்கங்களுள் ஒன்று எவான்ஸ் காம்பிட்.

இதனைக் கண்டுபிடித்தவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கப்பல் தலைவரான வில்லியம் டேவிஸ் எவான்ஸ். ஆட்டத்தின் நான்காம் நகர்த்தலிலேயே வெள்ளைக்காரர் தம் சிப்பாய் ஒன்றை எதிரியின் மந்திரிக்கு முன்னால் கொண்டுபோய் இரையாக நிறுத்துகிறார். மந்திரி அதனை உண்டவுடன் மற்றொரு சிப்பாய் நகர்ந்து அம்மந்திரியை விரட்டுகிறது. மந்திரி ஓடி ஒளியும் நேரத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் நடுக்களத்தைப் பிடிக்கின்றன, காய்கள் வெளிவருகின்றன, அரசனும் கோட்டைக்குள் புகுந்துவிடுகிறான். ஆக, ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்து நேரத்தை வாங்குவதே இத்தொடக்கத்தின் தத்துவம். வாங்கிய நேரத்தை உடனே பயன்படுத்த வேண்டும். எதிரி கோட்டை கட்டிவிட்டால் கொடுத்த சிப்பாய் கொடுத்ததுதான்!

ப்ரெஸ்லாவு பல்கலைக் கழகத்தில் கணிதமும் தத்துவமும் பயின்ற ஆண்டர்சன், 1847-இல் அவ்வூர் ப்ரெடரிக் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. தாயாரையும் சகோதரியையும் பேணிக்கொண்டு, பள்ளியும் வீடுமாக அமைதியாக வாழ்ந்தார். விடுமுறை நாட்களே அவருடைய போர்க்காலம்.

1851-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியை ஒட்டி, உலகின் முதல் சர்வதேச சதுரங்கப் போட்டி கூட்டப்பட்டது. அழைப்பு வந்தபோது ஆண்டர்சன் தயங்கினார். வழிச்செலவு ஓர் ஆசிரியருக்குத் தாங்காது அல்லவா? பரிசு கிட்டாவிடில் செலவைத் தாமே ஏற்பதாகப் போட்டியின் அமைப்பாளரும் இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருமான ஸ்டான்டன் உறுதி கூறிய பின்னரே அவர் புறப்பட்டார். பதினாறு பேர் கலந்துகொண்ட அப்போட்டியில், அந்த ஸ்டான்டனையும் வென்று முதற்பரிசைத் தட்டிச் சென்றார் ஆண்டர்சன்.

அதே லண்டன் பயணத்தின் இடையே, பந்தயம் எதுவுமின்றி கீசரிட்ஸ்கி என்பவருடன் அவர் ஆடிய ஓர் ஆட்டமே ‘அமர ஆட்டம்’ என்று இன்றளவும் போற்றப்படுவது. அதில் ஒரு மந்திரி, இரண்டு யானைகள், இறுதியில் ராணி ஆகிய அனைத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டு, எஞ்சிய சிறு காய்களைக் கொண்டே செக்மேட் செய்தார். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அவ்வாட்டத்தில் நான்காம் நகர்த்தலிலேயே ஒரு செக் காரணமாக ஆண்டர்சனின் அரசனும் கோட்டை கட்டும் உரிமையை இழந்துவிட்டான். எனினும் அவனுக்குத் தீங்கு நேரவில்லை. ஏனெனில் ஆண்டர்சனின் காய்கள் களத்தில் நின்றன. எதிரியின் காய்களோ பெரும்பாலும் வீட்டிலேயே உறங்கின. அரசன் வெளியில் நிற்பது மட்டும் ஆபத்தன்று. அவனைக் காக்க வேண்டியவர்கள் வந்து சேராதிருப்பதே ஆபத்து.

மறு ஆண்டு, 1852-இல், பெர்லின் நகரில் ஜான் டுப்ரேன் என்பவருடன் ஆடியது இன்னும் பெரிய பாடம். டுப்ரேன் பின்னாளில் ஜெர்மன் மொழியில் சதுரங்கப் பாடநூல் எழுதியவர். சாமானிய ஆட்டக்காரர் அல்லர். ஆண்டர்சன் எவான்ஸ் காம்பிட்டைத் தொடங்கினார். ஏழாம் நகர்த்தலில் கோட்டை கட்டிவிட்டார். டுப்ரேனோ சிப்பாய்களை உண்டார். பின்னர் ராணியை வெளியே கொண்டுவந்து அங்குமிங்கும் உலவவிட்டார். கோட்டை கட்ட வாய்ப்பிருந்தும் எதிர்த்தாக்குதலிலேயே அவர் மனம் சென்றது. முதலில் ராணிப்பக்கத்து யானையை நகர்த்தினார். அப்பக்கக் கதவு அடைபட்டது. ஆண்டர்சன் ஒரு குதிரையைப் பலியிட்டுக் கரிய அரசனுக்கு எதிரே நெடுவழியைத் திறந்தார். டுப்ரேன் மற்றோர் யானையையும் நகர்த்தி, ஆண்டர்சனின் கோட்டையைக் குறிவைத்தார். அத்துடன் மறுபக்கக் கதவும் அடைபட்டது. இனி அவருடைய அரசனுக்கு நடுக்களமே கதி.

அப்போது ஆண்டர்சன் எந்தக் காயையும் வெட்டாமல், செக் சொல்லாமல், மூலையிலிருந்த யானையை அமைதியாக நடு வரிசைக்குக் கொணர்ந்தார். அந்நகர்த்தல் மிகச் சிறந்ததுதானா என்று நிபுணர்கள் பிற்காலத்தில் நெடுநாள் வாதிட்டனர். டுப்ரேனுக்குத் தற்காப்பு வழி இருந்ததையும் எடுத்துக் காட்டினர். ஆனால் டுப்ரேனின் கண்ணுக்கு மற்றொரு குதிரைதான் தெரிந்தது. அதை ராணியால் வெட்டினார். அடுத்த நகர்த்தலில் செக்மேட் தமக்கே என்று எண்ணினார். அந்த அடுத்த நகர்த்தல் அவருக்கு வாய்க்கவே இல்லை. ஆண்டர்சன் யானையைக் கொடுத்தார், ராணியையும் கொடுத்தார்! ராணியை வெட்ட வெளியே வந்த அரசன்மீது மந்திரியும் யானையும் ஒருசேரச் செக் வைத்தன. இருபத்து நான்காம் நகர்த்தலில், இரண்டு மந்திரிகளும் ஒரு சிப்பாயும் அவ்வரசனைச் சிறைப்படுத்தின. ‘என்றும் வாடாத ஆட்டம்’ என்னும் பெயர் அதற்கு நிலைத்தது.

இத்தகைய வீரருக்கும் தோல்வி வந்தது. அமெரிக்காவிலிருந்து பால் மார்பி என்ற இருபத்தொரு வயது இளைஞர் ஐரோப்பாவுக்கு வந்தார். 1858 டிசம்பரில், பள்ளி விடுமுறையில், நாற்பது வயது ஆண்டர்சன் பாரிஸ் சென்று அவரைச் சந்தித்தார். முதல் ஆட்டத்தில் மார்பி எவான்ஸ் காம்பிட்டையே ஆட, அதன் நுட்பமெல்லாம் அறிந்த ஆண்டர்சன் தாங்கி நின்று வென்றார். ஆனால் முடிவில் மார்பிக்கு ஏழு வெற்றி, ஆண்டர்சனுக்கு இரண்டு, சமநிலை இரண்டு. பயிற்சி இல்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. அவர் அதைச் சொல்லவும் செய்தார். எனினும் தம்மைவிட வல்லவர் வென்றார் என்று ஒப்புக்கொண்டு, விடுமுறை முடிந்ததும் பள்ளிக்குத் திரும்பினார்.

1862-இல் லண்டன் போட்டியில் மீண்டும் முதலிடம் பெற்றார். 1865-இல் ப்ரெஸ்லாவு பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மறு ஆண்டு ஸ்டைனிட்ஸ் என்ற இளம் வீரரிடம் ஆறுக்கு எட்டு என்ற கணக்கில் தோற்றார். அவருடைய காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பர். 1870-இல் பேடன்-பேடன் நகரில், ஐம்பத்திரண்டு வயதில், அந்த ஸ்டைனிட்ஸையும் பின்தள்ளி முதற்பரிசு பெற்றார். அவர் சதுரங்கம் கற்று ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட 1877-இல் லைப்சிக் நகரில் ஒரு போட்டியே நடத்தினர். விழா நாயகர் வேடிக்கை பார்க்கவில்லை, தாமும் ஆடினார். இரண்டாம் இடத்தைத் தம் மாணவர் சூக்கர்டார்ட்டுடன் பகிர்ந்துகொண்டார்.

1879 மார்ச் 13-ஆம் நாள் பிறந்த ஊரிலேயே ஆண்டர்சன் காலமானார். இரண்டாம் உலகப் போரில் அந்நகரம் இடிபாடாயிற்று. அவர் அடங்கிய இடுகாடும் தப்பவில்லை. 1957-இல் போலந்து நாட்டுச் சதுரங்க அன்பர்கள் அவருடைய எச்சங்களை வேறோர் இடுகாட்டிற்கு மாற்றி மரியாதை செய்தனர். ஆண்டவர்கள் மாறினர், மொழி மாறிற்று, ஊரின் பெயரும் மாறிற்று. அந்த ஆசிரியரை மட்டும் அவ்வூர் கைவிடவில்லை.

ஆண்டர்சன் வாழ்க்கையில் இளமையிலேயே கோட்டை கட்டிக்கொண்டவர். நிலையான உத்தியோகம், தாயார், சகோதரி, பிறந்த ஊர் இவற்றை அவர் ஒருபோதும் பணயம் வைக்கவில்லை. அந்தக் காவல் இருந்ததனால்தான் பலகையில் ராணியையும் யானையையும் அஞ்சாமல் அள்ளிக் கொடுக்க முடிந்தது போலும். பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளத்தில் குடும்பம் பேணும் நம் போன்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். கடமை நம் கலையார்வத்தைக் கொல்லும் பகையன்று. அதுவே நமக்குக் கோட்டை. அதனைக் கட்டி முடித்த பின்னும் காய்களை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தால், அக்குற்றம் கோட்டையினுடையது அன்று.