தேனீ எழுத்துரு தந்த உமர் தம்பி

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறித் திருகோணமலை டவுனுக்குப் போய், மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து இன்டர்நெட் பார்த்த என் வயதுக்காரருக்கு அந்தத் தொல்லை நினைவிருக்கும். ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். இல்லையென்றால் ஆங்கில எழுத்துகள் சிந்திக் கிடக்கும். அந்தத் தளத்துக்குரிய எழுத்துருவை இறக்கிப் பதிந்தால்தான் வாசிக்கலாம். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். சம்மதித்தாலும் இறங்கி முடிவதற்குள் காசு முடிந்துவிடும்.

அந்தக் கட்டங்களைத் தமிழாக்கித் தந்தவர்களில் ஒருவர் உமர் தம்பி. அவர் மறைந்து ஏறக்குறைய இரண்டு தசாப்தங்கள் ஆகின்றன. எங்கள் பக்கத்து இளைஞர்களிடம் கேட்டால் பெயர் தெரியவில்லை என்கிறார்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்தின் கரையோர ஊரான அதிராம்பட்டினத்தில் 1953 ஜூன் 15இல் பிறந்தவர். பாக்கு நீரிணையைப் பார்த்த, உப்பளங்கள் நிறைந்த ஊர் அது. பிழைப்புக்காகப் பல வருடங்கள் துபாயில் இருந்தார். தமிழுக்காகச் செய்ததெல்லாம் வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில்தான். அதற்கு ஒரு சதமும் அவர் கேட்டதில்லை.

அவருடைய பெயரைப் பரப்பியது தேனீ எழுத்துரு. இது என்ன பெரிய விடயம் என்று இன்று தோன்றலாம். அன்று தமிழ்க் கணினி உலகம் துண்டு துண்டாகக் கிடந்தது. தமிழகத்தில் தாப், தாம். புலம்பெயர்ந்தோர் நடுவே திஸ்கி. நம் ஈழத்துத் தளங்களில் பெரும்பாலும் பாமினி. இவையெல்லாம் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஓட்டிய ஏற்பாடுகள். ஒருங்குறி அப்படியல்ல. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் ஒதுக்கிய பொதுத் தரம் அது. அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 98 ஓடிய கணினியில் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு கூடவே வராது. கடைகளில் இருந்தவையோ பெரும்பாலும் அந்தப் பழைய கணினிகள்தான்.

உமர் தம்பி தேனீயை இயங்கு எழுத்துருவாகவும் ஆக்கிக் கொடுத்தார். தளம் நடத்துபவர் தன் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். வாசகர் எக்ஸ்புளோரரில் பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் கூட வந்துவிடும். எதையும் பதிய வேண்டாம், கடைக்காரரிடம் கெஞ்சவும் வேண்டாம். 2003இல் தமிழ் வலைப்பதிவுகள் முளைக்கத் தொடங்கியபோது பலருடைய பக்கங்களில் அந்த இரண்டு வரிகள் இருந்தன.

தேனீயோடு அவர் நிற்கவில்லை. உச்சரிப்பு முறையில் ஒருங்குறியில் எழுத ஒரு செயலி, பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்ற ஒரு கருவி, செய்தியோடை உருவாக்க ஒன்று என்று தேவைக்கேற்பச் செய்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் அவர் தனி ஆளும் அல்ல. முகுந்தராஜின் எ-கலப்பை, நம்மவரான சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி என்று ஆளுக்கொரு கருவி செய்து பொதுவில் வைத்தார்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்பினார். நம் வயல்களில் கைமாற்றாக ஆள் விட்டு வெட்டுவது போலத்தான். சம்பளம் கிடையாது, கணக்கு மட்டும் மனதில் இருக்கும்.

எழுத்துரு செய்தவர்கள் அன்று பலர். தன் எழுத்துருவை வாங்கினால்தான் வாசிக்கலாம் என்று வாசலைப் பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள். உமர் தம்பி சொந்தமாக ஒரு குறியீட்டைக் கண்டுபிடித்து அதற்கு ஆள் சேர்க்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான தரத்தின் மேல் தன் உழைப்பைப் போட்டார். அவர் செய்ததில் முக்கியமானது அந்தத் தெரிவுதான் என்பது என் எண்ணம். அதன் பலன் இப்போதுதான் தெரிகிறது. அன்று பாமினியில் ஏற்றப்பட்ட நம் ஊர்ச் செய்திகளை இன்று கைபேசியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாக வரும். போர்க்காலச் செய்திகள், மரண அறிவித்தல்கள் எத்தனையோ அப்படி வாசிக்க முடியாமல் கிடக்கின்றன. மாற்றியில் போட்டு மீட்கலாம், யார் மெனக்கெடுகிறார்கள்? தேனீயை நம்பி ஒருங்குறியில் எழுதிய பதிவுகளுக்கு அந்தக் கதி இல்லை. தளம் உயிரோடிருந்தால் எழுத்தும் அப்படியே இருக்கிறது.

2006 ஜூலை 12இல் அவர் காலமானார். வயது 53. 2010 ஜூனில் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் வைத்தார்கள். இருக்கும்போது அவருக்குப் பெரிய மேடை எதுவும் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

அந்த இயங்கு எழுத்துரு நுட்பத்தை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. கைபேசியிலேயே தமிழ் வந்துவிடுகிறது. பழைய வலைப்பதிவுகள் சிலவற்றின் மூல நிரலைத் திறந்து பார்த்தால் தேனீயின் பெயர் மட்டும் இன்னும் அங்கே கிடக்கிறது.